மேலேக்கும் கீழேக்கும் பேச்சில்லை

அரை மணிக்கு ஒரு முறை அந்தக் கட்டட வேலை மொத்தமும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றது.

காரணம், அறுபது மீட்டர் உயரத்தில் கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்திருந்த கிரேன்காரரின் இடது கையில் கட்டியிருந்த நீலப் பட்டை. இடுப்பில் தொங்கிய சின்னப் பெட்டியிலிருந்து காற்று ஏறி, பட்டை உர்ரென்று கையைப் பிழியும். அந்த ஒரு நிமிடம் கையை அசைக்கக் கூடாது என்பது டாக்டரின் கண்டிப்பு. கிரேனை இடம் வலம் திருப்பும் பிடியோ அந்தக் கையில்தான் இருந்தது.

"மேலே பேசறேன். இறுக்குது."

"கீழே. புரிஞ்சுது. அப்படியே நிறுத்துங்க."

மேலே என்பது அவர். கீழே என்பது அவர் மனைவி. மஞ்சள் மேல்சட்டையும் தலைக்கவசமுமாகத் தரையில் நின்று வாக்கி டாக்கியில் கிரேனுக்கு வழி சொல்வது அவள் வேலை. எந்தக் கட்டடத்துக்குப் போனாலும் ஜோடியாகத்தான் போவார்கள். இருபத்தோரு வருடமாக அப்படித்தான். வாக்கி டாக்கியில் சொல்லிச் சொல்லி 'மேலே'யும் 'கீழே'யும் பட்டப்பெயராகவே ஒட்டிக்கொண்டன.

"மேலேண்ணே!" என்று குறுக்கே புகுந்தது இன்னொரு குரல். கான்கிரீட் கலவை லாரி ஓட்டுபவர். வேலையிடத்தில் எல்லோருக்கும் அவர் 'கலவை'. "பிரசவ வலி மாதிரியே விட்டு விட்டு வருதே! இடைவெளி குறைஞ்சா சொல்லுங்க, வண்டியத் திருப்பி நிறுத்தறேன்."

பதினாறு மாடியிலும் சிரிப்பு கேட்டது.

"இந்த லைன்ல வேலைப் பேச்சு மட்டும்" என்றது கீழே.

அதில்தான் சங்கடமே. இருபத்து மூன்று நாளாக அவள் அவரிடம் வேலைப் பேச்சு மட்டும்தான் பேசிக்கொண்டிருந்தாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, அவருடைய தலைக்கவசத்தின் உள்பட்டையைத் துவைக்கலாமென்று கழற்றியபோது மாத்திரை அட்டை ஒன்று விழுந்தது. ரத்த அழுத்த மாத்திரை. ஒரு வருடமாகச் சாப்பிட்டு வருகிறார். கிணறு வெட்டப் பூதம் கிளம்பிய கதையாக, கலவையிடம் விசாரித்தால், "அது பழைய விஷயமாச்சே அண்ணி, இப்பத்தான் உங்களுக்குத் தெரியுமா?" என்றுவிட்டார்.

"லாரிக்காரருக்குத் தெரியும், கட்டினவளுக்குத் தெரியாது!"

வீட்டுக்குள் அவள் அவரிடம் பேசிய கடைசி வாக்கியம் அது. மாத்திரை அட்டையைக் கொண்டுவந்து சாப்பாட்டு மேசையின் நடுவில், உப்பு ஜாடிக்குப் பக்கத்தில் வைத்தாள். அது அங்கேயே இருந்தது. 'சாப்பிடுங்க' என்று ஒரு வார்த்தை சொல்லட்டும் என்று அவர் அதைத் தொடவில்லை. அவராக எடுத்து விழுங்கட்டும் என்று அவள் வாய் திறக்கவில்லை. மேசையைத் துடைக்கும்போது அட்டையைத் தூக்கி, அடியில் துடைத்து, பழைய இடத்திலேயே பழைய கோணத்திலேயே வைப்பாள்.

நடுவில் மாட்டிக்கொண்டவள் கல்லூரியில் படிக்கும் மகள்.

"அப்பாகிட்ட சொல்லு, தண்ணி சூடா இருக்குன்னு."

"எது சூடா இருக்கு, தண்ணியா உங்கம்மாவான்னு கேளு."

"ரெண்டு பேருக்கும் நடுவுல ஒரு மேசைதான் இருக்கு!" என்றாள் மகள். "நான் என்ன தபால் ஆபீசா? நாளையிலேருந்து ஸ்டாம்ப் ஒட்டிக் குடுங்க."

இந்த நிலைமையில்தான் கிரேன்காரர்களுக்கான வருடாந்திர மருத்துவப் பரிசோதனை வந்தது. ரத்த அழுத்தம் நூற்று அறுபத்து நான்கு. நூற்று நாற்பதுக்கு மேல் போனால் கூண்டு கிடையாது என்பது கம்பெனி விதி. கிடங்கில் உட்கார்ந்து, வருகிறவன் காலைப் பார்த்து பூட்ஸ் எடுத்துக் கொடுக்க வேண்டியதுதான். இருபத்தோரு வருடம் காக்கைகளின் முதுகைப் பார்த்துப் பழகியவர் இவர். ஒரு தடவை அளந்ததை வைத்து முடிவு கட்ட முடியாது, ஒரு முழு நாள் பார்ப்போம் என்று டாக்டர் கட்டிவிட்டதுதான் அந்த நீலப் பட்டை. கூடவே ஒரு நோட்டு. பட்டை இறுக்குகிற ஒவ்வொரு முறையும் என்ன செய்துகொண்டிருந்தார் என்று எழுத வேண்டும். "மாத்திரை ஏதாவது சாப்பிடறீங்களா?" என்று டாக்டர் கேட்டார். "இல்லை" என்றார் இவர். கணக்குப்படி அது பொய்யும் இல்லை.

மறுநாள் டாக்டர் ஒரு கையில் கருவி கக்கிய தாளையும் மறு கையில் நோட்டையும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். முப்பது வயதுக்குள் இருக்கும் பெண். வாய் பேசும்போதே பேனா எழுதும்.

"சாயந்திரம் ஏழரை, நூத்தி எழுபத்திரண்டு. என்ன பண்ணிட்டிருந்தீங்க?"

அவர் தான் எழுதியதைத் தானே படித்தார். "'வீட்டில் அமைதியாக உட்கார்ந்திருந்தேன்.'"

"எட்டு மணி, நூத்தி எழுபது."

"'அமைதியாகச் சாப்பிட்டேன்.'"

"எட்டரை?"

"'ரொம்ப அமைதியாக இருந்தது.'"

டாக்டர் நிமிர்ந்து பார்த்துவிட்டு மறுபடி குனிந்தார். "சரி. காலையில பதினொண்ணு. நூத்தி இருபத்தெட்டு. கொஞ்சம் கண்ணசந்தீங்களா?"

"ஐயோ! வார்த்து வச்ச நாலு டன் கான்கிரீட் படிக்கட்டை லிப்ட் குழிப் பக்கம் இறக்கிட்டிருந்தேன். அந்தப் பக்கம் கூண்டிலேருந்து கண்ணுக்கே தெரியாது."

"தெரியாம எப்படி இறக்குவீங்க?"

"கீழேருந்து சொல்வாங்க. அதைக் கேட்டு இறக்குவேன்."

பேனா நின்றது. "பகல் ரெண்டு மணிக்கு நூத்தி இருபத்தாறு. அப்பவும் இதே மாதிரி இன்னொரு படிக்கட்டு, இல்லையா? நான் பாத்தவரைக்கும் எல்லாருக்கும் வேலையில ஏறும், வீட்டுல இறங்கும். உங்களுக்குத் தலைகீழா இருக்கு. அதுவும் உயிர் போற வேலையிலதான் இறங்குது. உண்மையச் சொல்லுங்க, அந்த நேரத்துல பட்டைய வேற யார் கையிலயாவது கட்டினீங்களா?"

"சத்தியமா இல்ல."

"இது உங்க கைதான்னா, சராசரி ஜாஸ்தியா இருந்தாலும் ஒரு மாசம் வைத்தியம் பாத்துட்டு மறுபடி அளக்கலாம்னு எழுதுவேன். கருவிய ஏமாத்தியிருந்தா அதையும் எழுதுவேன். அப்புறம் ஜென்மத்துக்கும் கூண்டு கிடையாது. யாராவது பாத்தவங்க இருக்காங்களா?"

அவர் யோசித்தார். "கீழே ஒரு நோட்டுப் போடுவாங்க. எத்தனை மணிக்குத் தூக்கினோம், எங்க நிறுத்தினோம், எல்லாம் அதுல இருக்கும்."

"எழுதினவங்களையே நோட்டோட கூட்டிட்டு வாங்க. நாளைக்குச் சாயந்திரம் அஞ்சு மணி. அதுக்கு மேல அறிக்கைய நிறுத்தி வைக்க முடியாது." அவர் முகம் போன போக்கைப் பார்த்து, "என்ன, வர மாட்டாங்களா?" என்றார்.

"என் சம்சாரம்தான் டாக்டர்."

"அப்ப சுலபமாச்சே!"

"உங்களுக்குக் கல்யாணம் ஆயிடுச்சா?"

"இல்லையே."

"அதான்" என்று எழுந்துகொண்டார்.

வீட்டில் மூன்று முறை வாயைத் திறந்தார். மூன்று முறையும் அவள் மிக்சியைப் போட்டாள். அரைப்பதற்கு உள்ளே ஒன்றுமே இல்லை என்பது சத்தத்திலேயே தெரிந்தது. மகளோ, "இது தபால்ல போற விஷயம் இல்லப்பா, நேர்ல பேசுங்க" என்று கதவைச் சாத்திக்கொண்டாள். பொழுது விடிந்தது. கூண்டில் ஏறி உட்கார்ந்தவருக்கு, தான் பேசினால் அவள் பதில் சொல்லியே தீர வேண்டிய இடம் உலகத்தில் ஒன்றே ஒன்றுதான் என்று உறைத்தது. வாக்கி டாக்கியின் பொத்தானை அழுத்தினார்.

"மேலே பேசறேன். ஒரு தூக்கு இருக்கு."

"கீழே. என்ன பாரம்?"

"ஆள்."

கொஞ்சம் இரைச்சல். "ஆளைத் தூக்கக் கூடாதுன்னு விதி."

"தூக்க வேணாம். கூட்டிட்டுப் போனாப் போதும். டாக்டர்கிட்ட, சாயந்திரம் அஞ்சு மணிக்கு."

"எடை?"

"தொண்ணூத்திரண்டு கிலோ."

"போன வருஷம் எண்பத்தெட்டுன்னு சொன்னீங்க."

"அதையும் மறைச்சுட்டேன்."

எங்கோ ஒரு சிரிப்பு வெடித்துப் பாதியில் அணைந்தது. "அண்ணி, பாரத்துக்கு நான் பொறுப்பு" என்றார் கலவை.

"லாரி, நீங்க வாயத் தொறந்த வரைக்கும் போதும். கீழே கேக்கறேன், தூக்குக்குக் காரணம் என்ன?"

மாடிகளில் சுத்தியல் சத்தம் ஒவ்வொன்றாக அடங்கியது. அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"பட்டைய வேற ஆள் கையில கட்டி ஏமாத்திட்டேன்னு டாக்டர் நினைக்கிறாங்க. உன் நோட்டைக் கொண்டுவந்து, அப்படி இல்லன்னு நீ சொல்லணும். சொல்லலேன்னா நாளையிலேருந்து எனக்குக் கூண்டு கிடையாது."

கிரேனின் கையில் காற்று மோதும் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு, "கீழே. குறிச்சுக்கிட்டேன். நாலரைக்கு இறங்குங்க. மூஞ்சியக் கழுவிட்டு, வேற சட்டை போட்டுக்கிட்டு வாங்க."

சட்டை வேலையில் சேர்த்தி இல்லை. அவர் அதைக் கவனித்தார். வேலையிடம் முழுக்கக் கவனித்தது.

டாக்டரின் அறையில் அவள் அவருக்குப் பக்கத்து நாற்காலியை ஒரு சாண் தள்ளிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். நோட்டைத் திறந்து, விரல் வைத்துப் படித்தாள். "பத்து அம்பத்தெட்டு, படிக்கட்டு தூக்கியாச்சு. பதினொண்ணு, இறுக்குதுன்னு சொன்னாரு, நிறுத்தினோம். பதினொண்ணு ஒண்ணு, திரும்ப இறக்கினோம்."

டாக்டர் தாளோடு ஒத்துப் பார்த்தார். நிமிடம் பிசகவில்லை. பகல் இரண்டு மணியும் அப்படியே.

"படிக்கட்டு அந்தரத்துல தொங்குது. அந்த ஒரு நிமிஷம் நீங்க என்ன பண்ணீங்க?"

"பேசிட்டிருந்தேன்."

"என்னன்னு?"

"'இருக்கேன்'னு." இதிலென்ன அதிசயம் என்பதுபோல் பார்த்தாள். "கண்ணுக்குத் தெரியாத பக்கம் இறக்கறப்ப என் குரல் வர்ற வரைக்கும்தான் அவர் கை ஓடும். குரல் நின்னா கை நிக்கும். ஒரேயடியா சத்தமே இல்லேன்னா, பேட்டரி போச்சா, ஆளே போயாச்சான்னு மேல இருக்கறவருக்குத் தெரியாதில்ல? அதனால நிறுத்தி வச்சிருக்கற நேரத்துலயும் அஞ்சு நொடிக்கு ஒரு தடவை 'இருக்கேன்'னு சொல்லணும். விதி அது."

டாக்டர் மேசையிலிருந்த கருவியை எடுத்து அவர் கையில் கட்டி அளந்தார். நூற்று அறுபத்தாறு.

"இப்பச் சொல்லுங்க" என்றார் அவளைப் பார்த்து.

"எதை?"

"அதேதான். 'இருக்கேன்'."

"இங்க என்ன பாரம் தொங்குது?"

டாக்டர் பேனாவால் கிரேன்காரரைக் காட்டினார்.

அவள் சுவரிலிருந்த காலண்டரைப் பார்த்தபடி, வேலைக் குரலில், "இருக்கேன்" என்றாள். ஐந்து நொடி. "இருக்கேன்." காலண்டரில் ஒரு குழந்தை சோப்பு நுரையோடு சிரித்துக்கொண்டிருந்தது. "இருக்கேன்." ஐந்து நிமிடம் கழித்து அளந்தபோது நூற்று ஐம்பத்து மூன்று. இன்னும் ஐந்து நிமிடத்தில் நூற்று நாற்பத்தைந்து. கிரேன்காரரின் தோள் இரண்டும் இறங்கி, கண் பாதி மூடியிருந்தது. மூன்றாம் முறைக்குப் பட்டை இறுகத் தொடங்கியது.

"இருக்கேன். இருக்கேன். என்கிட்ட ஏன் சொல்லல?"

நூற்று எழுபத்து நான்கு.

"அம்மா, அளக்கறப்ப கேள்வி கேக்காதீங்க!" என்றார் டாக்டர்.

"கேக்கட்டும் டாக்டர்" என்றார் அவர். காலண்டரையே பார்த்துக்கொண்டிருந்த மனைவியின் காதைப் பார்த்துச் சொன்னார். "சொன்னா உன் குரல் நடுங்கும். நடுங்கற குரலை வச்சுக்கிட்டு நான் எப்படி நாலு டன்னை இறக்கறது?"

"என் குரல் என்னிக்காவது நடுங்கியிருக்கா?"

"இல்லையே. அதைக் கெடுத்துடக் கூடாதுன்னுதான்."

அவள் மூக்கை உறிஞ்சினாள். கோபமா ஜலதோஷமா என்று கண்டுபிடிக்க முடியாத உறிஞ்சல். டாக்டர் ஏற்கெனவே எழுதி முடித்த ஒரு வரியைத் திரும்ப எழுதினார்.

"அதுக்காக, ஒரு வருஷமா சாப்பிட்டுட்டிருந்த மாத்திரையையும் நிறுத்திடுவீங்களா? இத்தனை நாளா மேசை மேலயே கிடக்கு!" என்றாள் அவள்.

டாக்டரின் தலை மெல்ல உயர்ந்தது. "எந்த மாத்திரை?"

இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். இருபத்தைந்து நாளில் முதல் தடவை.

"ஒரு வருஷமா சாப்பிட்டதை இப்ப நிறுத்திட்டீங்களா? ஏன்?"

"அவ சாப்பிடச் சொல்லல."

"நீங்க ஏன் சொல்லல?" என்று டாக்டர் அவள் பக்கம் திரும்பினார்.

"அவரு கேக்கல."

"ரெண்டு பேரும் எத்தனாம் வகுப்பு படிக்கிறீங்க?" என்றார் டாக்டர். பிறகு அறிக்கையை எழுதினார். கருவியில் மோசடி இல்லை. ஒரு மாதம் தரை வேலை, ஒழுங்காக மாத்திரை, அதன்பின் மறு சோதனை. "ஒண்ணு சொல்லிடறேன். இவங்க பேசினா உங்களுக்கு நல்லதுதான். ஆனா பேச்சை நம்பி மாத்திரைய விட்டீங்கன்னா, அடுத்த தடவை படுத்துக்கிட்டுத்தான் இங்க வருவீங்க."

அப்படியாகக் கிரேன்காரர் கிடங்குக்கு வந்து சேர்ந்தார். தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போனதே என்று சமாதானம் சொல்லிக்கொண்டு, நாற்பத்திரண்டாம் அளவா நாற்பத்து மூன்றாம் அளவா என்று கேட்டு பூட்ஸ் கொடுத்தார். மேலே வேறொரு ஆள் ஏறினான். அவனுக்கும் அவள்தான் வழி சொன்னாள். "மெதுவா... மெதுவா..." என்று அவள் குரல் கிடங்குக்குள் வரும்போதெல்லாம் இவருக்கு வாயில் எதையோ கசப்பாகக் கடித்த மாதிரி இருந்தது. மூன்றாம் நாள், போகிறபோக்கில் பார்ப்பதுபோல லிப்ட் குழிப் பக்கம் போனார்.

அவள் வேலை செய்வதை அவர் பார்த்ததே இல்லை. இருபத்தோரு வருடம் கேட்டிருக்கிறார், அவ்வளவுதான். அவர் கண்ணுக்கு எட்டாத பக்கத்தில் நிற்பதுதான் அவள் வேலையே.

தலைக்கு மேலே படிக்கட்டு ஒன்று இறங்கிக்கொண்டிருந்தது. "மெதுவா. இன்னும் நாலடி. மூணு. மெதுவா." குரல் வெண்ணெயாக இருந்தது. வலது கையில் வாக்கி டாக்கி. இடது கையோ மேல்சட்டையின் ஓரத்தைப் பிடித்து, ஈரத்துணி பிழிவதுபோல் முறுக்கிக்கொண்டிருந்தது. விரல் முட்டிகள் வெளுத்துப் போயிருந்தன. முழங்கை வரைக்கும் வெடவெடவென்று ஆடியது. "ரெண்டு. ஒண்ணு. உக்காந்துடுச்சு." பாரம் தரையைத் தொட்டதும் விரல்கள் விட்டன. கசங்கிய ஓரம் கிழிந்து தொங்கியது. இவளுக்கு மட்டும் மேல்சட்டை ஏன் இடது பக்கம் கிழிகிறது என்று அன்று காலைதான் கிடங்கில், மாற்றக் கொடுத்த பழைய மேல்சட்டைகளைப் பார்த்து அவர் யோசித்திருந்தார்.

"என்ன அப்படிப் பாக்கறீங்க? பூட்ஸ் குடுக்கற வேலை இல்லையா?"

"கை ஏன் இப்படி நடுங்குது?"

அவள் கையைப் பின்னால் கொண்டுபோனாள். "எந்தக் கை?"

"எத்தனை வருஷமா?"

"நீங்க முதல்ல கூண்டுல ஏறின நாள்லேருந்து."

"அடிப்பாவி! என்கிட்ட சொன்னியா?"

அதே தப்பு தன் பக்கமும் இருக்கிறது என்று புரிந்ததும் அவளால் சிரிப்பை அடக்க முடியவில்லை. "சொல்லியிருந்தா நீங்க இறங்கி வந்து என் கையப் பிடிச்சுக்கிட்டு நின்னிருப்பீங்க. படிக்கட்டை யாரு இறக்கறது?"

அவருக்குச் சட்டென்று ஒரு சந்தேகம் வந்தது. "கலவைக்குத் தெரியுமா?"

அவள் வேறு பக்கம் பார்த்தாள். "ஒரு தடவை பாத்துட்டு, அவருதான் குடிக்கத் தண்ணி குடுத்தாரு."

இனி இவளோடு பேசுவதில்லை என்று அந்த இடத்திலேயே முடிவெடுத்தார். மாலை டீக்கு மணி அடிக்கும் வரை அந்த முடிவில் உறுதியாகவும் இருந்தார்.

அவள் கை நடுங்கும் விஷயத்தை அவரே டாக்டரிடம் போட்டுக்கொடுத்தார். ஆகவே மாதக் கடைசியில் பட்டை இரண்டு கைகளில் ஏறியது. ஒன்று அவருக்கு, ஒன்று அவளுக்கு. மறுநாள் இருவரும் டாக்டர் முன்னால் உட்கார்ந்தார்கள். இந்தத் தடவை நாற்காலிகளுக்கு நடுவில் சாண் இல்லை.

"நூத்தி முப்பத்து நாலு" என்றார் டாக்டர் அவரிடம். "நாளைக்கே ஏறலாம்." கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

அவர் அந்தத் தாளை நாலாக மடித்து, மறுபடி பிரித்து, சரியாகத்தான் எழுதியிருக்கிறதா என்று பார்த்தார்.

"உங்களுக்குத்தான் கொஞ்சம் இடிக்குது" என்று டாக்டர் மனைவியின் பக்கம் திரும்பினார். "வேலையில ஏறுது; அது தெரிஞ்சதுதான், அதுக்கு மருந்து தர்றேன். ஆனா வீட்டுலயும் காலையில ஏன் இப்படி எகிறுது?" நோட்டைப் புரட்டினார். "'ஆறு மணி: இடது கால் மரத்துப்போச்சு என்று சொன்னார். ஆறரை: மரத்தது சரியாகிவிட்டது என்று சொன்னார். ஏழு: ஏப்பம் வந்ததைச் சொன்னார். ஏழரை: ஏப்பம் வரவில்லை என்று சொன்னார்.' என்ன இது?"

"இனிமே எதையும் மறைக்க மாட்டேன்னு வாக்குக் குடுத்திருக்கேன் டாக்டர்" என்றார் கிரேன்காரர் பெருமையாக.

"டாக்டர், எனக்கு மருந்து அப்புறம் குடுங்க. முதல்ல ஒரு சீட்டு எழுதிக் குடுங்க" என்றாள் அவள். "சின்னச் சின்ன விஷயத்தையெல்லாம் இவரு என்கிட்ட மறைக்கலாம்னு."

"எதெல்லாம் சின்ன விஷயம்?"

"ஏப்பம்" என்றாள்.

"ஏப்பம் எப்படிச் சின்ன விஷயம் ஆகும்? நெஞ்சுவலியே அப்படித்தான் ஆரம்பிக்குதாம்!"

"உங்களுக்கு யாரு சொன்னது?"

"கலவை."

"அவரு டாக்டரா?"

"அப்ப கால் மரத்துப்போறது? அது சின்னதா பெருசா, நீயே சொல்லு."

"ஒரே கால்னா சின்னது."

டாக்டர் மணியைப் பார்த்தார். கதவைத் திறந்து, வெளியே காத்திருந்த அடுத்த நோயாளியை உள்ளே கூப்பிட்டு மூன்றாவது நாற்காலியில் உட்கார வைத்தார். வயதான மனிதர். கொஞ்ச நேரம் இரண்டு பக்கமும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு, அனுபவத்தில் சொல்வதாகவும், ஏப்பத்தை அவ்வளவு லேசாக விடக் கூடாது என்றும் அவரும் கட்சி சேர்ந்துகொண்டார்.